ஒரு காட்சியும் பல மொழியும்

கண்ணுக்கு மொழி வேண்டுவதில்லை; காதுக்கு வேண்டும். யானை ஓடுவதையும் ஆறு பெருகுவதையும் எந்நாட்டினரும் ஒருபடித்தாகவே காண்பர். ஆனால் அக்காட்சியைப் பற்றி ஒருவர் விளக்கங் கூறத் தொடங்கிய அளவிலே, கேட்போர் கூட்டம் அம்மொழி அறிந்தார், அறியார் என இரண்டாகப் பிரிந்துவிடுகின்றது. தொலைக்காட்சி தோன்றிய நாள்தொட்டு அதனை நடத்துவோர்க்கு இஃதோர் இடர்ப்பாடாகவே இருந்துவந்தது. இலக்கமுறை ஒளிபரப்பு இதனை எங்ஙனம் நீக்கிற்று என்பதையும், வீட்டிலுள்ள ஒரு கணினியைக் கொண்டு அப்பன்மொழி ஒளிபரப்பை எங்ஙனம் பெற்றுக் காணலாம் என்பதையும், அங்ஙனம் காணுங்கால் ஒரு மொழி எவ்வெவ்விடங்களில் இழக்கப்படக் கூடும் என்பதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்குப் பொறிகளைப் பற்றி என்ன பேச்சு என்று வினவும் நண்பர்கள், எழுத்தைப் பற்றி யாம் பின்னே கூறும் பகுதி வரையிலேனும் பொறுத்திருப்பாராக.

இலக்கமுறைக்கு முன்னரும் முயற்சிகள் இல்லாமலில்லை. ஜப்பானில் 1978-ஆம் ஆண்டிலேயே ஒரு படத்தோடு இரண்டு ஒலிகளைச் சேர்த்தனுப்பும் முறை தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் 1981-இல் இசட்.டி.எஃப். என்னும் நிலையம் அத்தகைய இரட்டை ஒலியை மேற்கொண்டது. அயல்நாட்டுத் திரைப்படத்தைத் தம் மொழியிற் கேட்க விரும்புவார் ஓரொலியையும், மூலமொழியிற் கேட்க விரும்புவார் மற்றோரொலியையும் கொள்ளலாயினர். ஆயினும் இரண்டுக்கு மேல் அங்கு இடமில்லை. 1989-இல் தோன்றிய யூரோஸ்போர்ட் என்னும் விளையாட்டு நிலையம் செயற்கைக்கோள் வழியே ஒரே ஆட்டத்துக்குப் பல மொழி வருணனைகளைத் தனித்தனித் துணையலைகளில் அனுப்பிற்று. கேட்போர் தத்தமக்குரிய துணையலையின் எண்ணை எங்கேனும் அறிந்துவந்து பெட்டியைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். அவ்வெண்ணில் ஒலிப்பது எம்மொழி என்பது பெட்டிக்குத் தெரியாது. இக்குறையை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் வந்த முன்னேற்றத்தின் உயிர்நிலை இதுவே.

1993-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், பிரான்சு நாட்டின் லியோன் நகரை அடுத்து, யூரோநியூஸ் என்னும் செய்தி நிலையம் தொடங்கப்பெற்றது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அது ஒரே காலத்தில் செய்தி கூறியது. படம் ஒன்று, குரல் ஐந்து. இதற்காக அந்நிலையத்தார் செய்த ஏற்பாடு மிக எளியது. செய்தி வாசிப்போரின் முகத்தைக் காட்டுவதில்லை என்று வரையறுத்துக்கொண்டனர். முகம் தோன்றினாலன்றோ வாயசைவும் சொல்லும் பொருந்தவேண்டும்? மொழிமாற்றிய திரைப்படங்களில் நாயகன் வாய் மூடிய பின்னும் வசனம் நீண்டொலிக்கக் கண்டு நகைத்திருப்பவர்க்கு இவ்வேற்பாட்டின் அருமை நன்கு புலனாகும். நாளடைவில் மொழிகள் பெருகின. 2008-இல் அரபும் சேர்ந்தது. 2017-இல் தொடங்கி அந்நிலையம் அம்முறையை விட்டு, மொழிதோறும் வேறுவேறு படமும் வேறுவேறு செய்தி வாசிப்போரும் கொண்ட பதிப்புகளாகப் பிரிந்துபோயிற்று. ஒரு படத்தின்கீழ்ப் பல மொழியார் கூடியிருந்த அப்பழைய அமைப்பே எமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. நாட்டுக்கு நாடு செய்தியின் முதன்மை வேறுபடும் என்று பிரித்தோர் கூறும் காரணமும் பொய்யன்று.

இன்றும் அம்முறையில் நிலைத்து நிற்பது ஆர்ட்டே என்னும் கலைத் தொலைக்காட்சி. பிரான்சும் ஜெர்மானிய மாநிலங்களும் 1990-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், அஃதாவது ஜெர்மனியின் இரு கூறுகளும் ஒன்றாயினதற்கு முந்தின நாள், செய்துகொண்ட உடன்படிக்கையால் அது பிறந்தது. 1992 மே 30-ஆம் நாள் ஒளிபரப்புத் தொடங்கிற்று. அதன் தலைமையிடம் ஸ்ட்ராஸ்பூர்க். இந்நகர் 1871-இல் ஜெர்மனியின் வசமாகி, முதற் பெரும்போரின் முடிவில் 1918-இல் பிரான்சுக்கு மீண்டு, 1940-இல் மறுபடியும் ஜெர்மானியர் கைப்பட்டு, 1944-இல் மீட்கப்பெற்றது. நாடு மாறுந்தோறும் பள்ளியின் மொழியும் மாறிற்று. அந்நகரத்து முதியோர் பலர் வீட்டிற் பேசுவது ஜெர்மன் மொழியைச் சார்ந்த அல்சேசியப் பேச்சு. அவர்தம் பேரப்பிள்ளைகள் அறிந்ததோ பெரும்பாலும் பிரெஞ்சே. எண்பது கடந்த பாட்டியும் பன்னிரண்டு வயதுப் பேரனும் ஒரு கூடத்திலிருந்து ஒரு படத்தைப் பார்க்கும் அத்தகைய வீடொன்றை நினைத்துக்கொள்வோமாக. அவ்விருவரும் தத்தம் மொழியில் ஒரு கதையைக் கேட்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதே இனி நம் ஆராய்ச்சி.

இலக்கமுறை ஒளிபரப்பில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டுச் செல்கின்றன. டிவிபி என வழங்கும் ஐரோப்பிய முறையில், அவ்வெண்களின் வெள்ளம் 188 பைட்டு அளவுடைய சிறு சிறு சிப்பங்களாகக் கட்டப்படும். ஒவ்வொரு சிப்பத்தின் முகப்பிலும் 4 பைட்டு மேல்விலாசம். எஞ்சிய 184 பைட்டும் சரக்கு. மேல்விலாசத்துள் 0 முதல் 8191 வரையிலான ஓர் எண் அடங்கும். படத்தின் சிப்பங்கள் ஓரெண்ணையும், ஜெர்மன் ஒலியின் சிப்பங்கள் வேறோரெண்ணையும், பிரெஞ்சு ஒலியின் சிப்பங்கள் மற்றோரெண்ணையும் தாங்கி, ஒன்றோடொன்று விரவி, ஒரே அலையில் வருகின்றன. அஞ்சற்பையில் பல தெருக் கடிதங்களும் கலந்து கிடப்பது போன்றதே இது. பிரிப்பவன் விலாசத்தை நோக்குவானேயன்றிக் கடிதத்தைப் படியான்.

எவ்வெண் எதற்குரியது என்று அறிவது எங்ஙனமெனின், 0 என்னும் எண் தாங்கிய சிப்பங்களில் ஒரு பொருளடக்கம் வருகின்றது. அஃது இவ்வலையில் இன்னின்ன நிலையங்கள் உள, ஒவ்வொன்றின் விவர அட்டவணையும் இன்னின்ன எண்ணில் உள்ளது என்று காட்டும். அவ்வட்டவணையைப் பிரித்து நோக்கினால், படத்தின் எண், ஒலிகளின் எண்கள், ஒவ்வோர் ஒலியின் மொழி ஆகிய யாவும் காணப்படும். பார்ப்போர் எந்நொடியிலும் வந்து சேரக்கூடுமாதலின் இவ்வட்டவணைகள் நொடிக்குப் பன்முறை ஓயாமல் அனுப்பப்படுகின்றன. மொழியின் பெயரை மூன்று ரோமானிய எழுத்துக்களாற் சுருக்கிக் குறிப்பர். இச்சுருக்கங்கள் ஐ.எஸ்.ஓ. 639 என்னும் உலகப் பொதுப்பட்டியலிற் கண்டவை. தமிழுக்கு டி, ஏ, எம் என்னும் மூன்றும் உரியன. பழைய பெட்டிக்குத் தெரியாதிருந்த செய்தி, அஃதாவது இவ்வொலி எம்மொழியினது என்பது, இங்ஙனம் அலையினுள்ளேயே எழுதப்பட்டு வருகின்றது.

ஒரு மொழியைச் சேர்ப்பதற்கு அலையில் எவ்வளவு இடம் செலவாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. பழைய தரத்துப் படத்திற்கு நொடிக்கு ஏறத்தாழ 4,000 கிலோபிட்டு வேண்டும். ஓர் ஒலித்தடத்திற்கு 192 கிலோபிட்டு போதும்; அஃதாவது படத்தின் இருபதில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்துப் பதிவில் படம் 1,800 மெகாபைட்டு அளவைக் கொள்ளுமெனின், ஒரு மொழியின் ஒலி 86 மெகாபைட்டுக்கு மேற்போகாது. வேறொரு மொழிக்கு இடமில்லை என்பார் கூற்று இக்கணக்கின் முன்னர் நில்லாது. மொழிபெயர்ப்பார்க்கும் குரல் கொடுப்பார்க்கும் ஆகும் பொருட்செலவே உண்மையான தடை. அதனை அலையின்மேல் ஏற்றிச் சொல்லுதல் முறையன்று.

இனி வீட்டுக் கணினிக்கு வருவாம். வானிலிருந்தோ, நிலத்துக் கோபுரத்திலிருந்தோ, கம்பி வழியாகவோ வரும் ஒளிபரப்பை வாங்கும் சிறு அட்டையொன்றைக் கணினியிற் பொருத்துவர். அவ்வட்டையை ஆளும் மென்பொருள்கள் பல உள. ஜெர்மனியில் கிளாஸ் ஷ்மிடிங்கர் என்பார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.டி.ஆர். என்பதும், ஐசக் ரிச்சர்ட்ஸ் என்பார் 2002-இல் தொடங்கிய மித்டிவி என்பதும் அவற்றுட் பெயர்பெற்றவை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் அதே 2002-இல் மீடியா சென்டர் என்ற பெயரால் ஒன்றை அளித்தனர். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இல் அது நீக்கப்பட்டது. நம் மொழியில் பெரியதோர் எண்ணாக ஒலிக்கும் கோடி என்னும் மென்பொருள், எக்ஸ்.பி.எம்.சி. என்ற பழம்பெயரை விடுத்து 2014-இல் இப்பெயரை ஏற்றது. பெருங்கணினி வேண்டுமென்பதும் இல்லை. 2012-இல் வந்த ராஸ்ப்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியே இதற்குப் போதியதாயிற்று. எம்பெக்-2 வகைப் படத்தை அதன் பொறியே விரித்துக்காட்டும்பொருட்டு 2.40 பவுன் செலுத்தி உரிமம் ஒன்று வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

கடையில் விற்கும் பெட்டி இருக்கக் கணினி எற்றுக்கு என்பார்க்கு ஒரு விடை கூறுவாம். சாதாரணப் பெட்டி வேண்டிய சிப்பங்களைக் கொண்டு மற்றவற்றை அப்பொழுதே உதறிவிடும். கணினியோ, ஒரு நிகழ்ச்சிக்குரிய சிப்பங்கள் அனைத்தையும், எல்லா மொழித் தடங்களோடும், வந்தவாறே தட்டில் எழுதி வைக்கவல்லது. எனவே இன்று பதிவு செய்ததை நாளைப் பிரெஞ்சிலும், மறுவாரம் ஜெர்மனிலும் கேட்கலாம். ஒலி படத்திற்கு முந்தியோ பிந்தியோ போகாதபடி, ஒரு நொடியை 90,000 கூறாக்கி அளக்கும் கடிகாரத்தின் முத்திரை படத்தின் மேலும் ஒலியின் மேலும் குத்தப்பட்டிருக்கும். எம்மொழியைத் தேர்ந்தாலும் அம்முத்திரைகளை ஒப்பிட்டுக் கணினி இணைத்துவிடுகின்றது.

இழப்பு நேரும் முதலிடம் மொழியைத் தேர்வதிலேயே உள்ளது. வீட்டார் தம் விருப்ப மொழியை முன்னதாகக் குறித்துவைக்காவிடின், மென்பொருள் பெரும்பாலும் அட்டவணையில் முதலில் நிற்கும் தடத்தையே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் மொழி அங்கேதான் இருக்கின்றது, கேட்டால் வரும். ஆயினும் கேட்கலாம் என்பதே தெரியாதவர்க்கு அஃது இல்லாததேயாகும். குறித்துவைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில ஐரோப்பிய மொழிகளுக்கு மேற்சொன்ன பட்டியல் இரண்டு சுருக்கங்களை வழங்கியிருக்கின்றது. ஆங்கிலப் பெயரையொட்டி ஜி, ஈ, ஆர் என்றும், அம்மொழியாரே வழங்கும் பெயரையொட்டி டி, ஈ, யு என்றும் ஜெர்மன் குறிக்கப்படும். பிரெஞ்சுக்கும் வேல்சு மொழிக்கும் அவ்வாறே இரண்டிரண்டு. நிலையத்தார் ஒன்றை எழுத, வீட்டார் மற்றொன்றைக் குறித்திருந்தால், இரண்டும் ஒன்றென்று அறியாத மென்பொருள் அம்மொழி வரவில்லையென்று முடிவுகட்டிவிடும். தமிழுக்கு ஒரே சுருக்கமாதலின் நமக்கு இத்தொல்லை இல்லை. இன்னும், பிரான்சில் அயல்நாட்டுப் படங்களின் மூலமொழி ஒலியைக் கியூ, ஏ, ஏ என்று குறிப்பர். அஃது எம்மொழியின் பெயரும் அன்று. தனிவழக்குக்கென ஒதுக்கப்பட்ட குறிகளில் ஒன்று. இன்று அதனுள் ஸ்பானியம் ஒலிக்கும், நாளை ஆங்கிலம் ஒலிக்கும். பெயரைப் பார்த்து மயங்குவார் மயங்கட்டும்!

யாம் முன்னர்க் கூறிய எழுத்தியற் பகுதி இனி வருகின்றது. ஒலியோடு நிகழ்ச்சிகளின் பெயரும் நேரமும் குறிப்பும் எழுத்தாக அனுப்பப்படுகின்றன. இவ்வெழுத்துக்கள் எவ்வகையின என்று உணர்த்துதற்கு வாக்கியத்தின் முதற் பைட்டு ஓர் அடையாளமாக நிற்கும். சிரில் எழுத்து, கிரேக்கம், அரபு, எபிரேயம், தாய்லாந்து எழுத்து ஆகியவற்றுக்கெல்லாம் ஐ.எஸ்.ஓ. 8859 என்னும் தொகுதியில் தனித்தனி அட்டவணைகள் இருந்தமையின் அவை ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாளம் பெற்றன. தமிழுக்கு அத்தொகுதியில் இடம் வகுக்கப்படவில்லை. ஆகவே தமிழிற் பெயர் அனுப்ப விரும்பும் நிலையம் யூனிகோடு வழியையே பற்ற வேண்டும். 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் அதிற் சேர்ந்திருந்தது நற்பேறே. அதற்குரிய அடையாளமும் டிவிபி முறையில் வகுக்கப்பட்டுள்ளது.

எழுத்து வந்து சேர்ந்தால் மட்டும் போதுமோ? திரையில் வரையவும் வேண்டும். 'கெ' என்று நாம் எழுதுங்கால் கொம்பை முன்னே இட்டுக் ககரத்தைப் பின்னே எழுதுகின்றோம். யூனிகோடு சேமிப்பிலோ ககரம் முன், கொம்பு பின். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து மெய்யெழுத்தின் இருமருங்கும் நிற்றல் வேண்டும். ஒலிக்கும் முறைப்படி சேமித்து, எழுதும் முறைப்படி இடம்மாற்றி வரைவது மென்பொருளின் கடமை. ரோமானிய எழுத்தை இடமிருந்து வலமாக வந்தபடி அடுக்குவதற்கு மட்டும் பழகிய மென்பொருள் அதனைச் செய்யாது. கொம்பு தனியே, புள்ளியிட்ட வட்டமொன்றை அணைத்துக்கொண்டு, ஆதரவற்று நிற்கும். அடிவரி என்னும் சப்டைட்டில் திறத்தில் இவ்வல்லல் குறைவு. டிவிபி முறையில் அடிவரிகள் பெரும்பாலும் எழுத்தாக வாராமல் எழுத்தின் படமாகவே வருவனவாதலின், நிலையத்தார் பிழையின்றி வரைந்தால் எவ்வீட்டிலும் பிழையின்றியே தோன்றும். படமாக வருவதனைத் தேடிப் பார்க்கவும் பெரிதாக்கவும் இயலாதென்பது மறுபுறம்.

நம் நாட்டிலும் ஒரு படத்துக்குப் பல ஒலி என்னும் வழக்கம் புதிதன்று. சிறுவர்க்குரிய தொலைக்காட்சிகள் சில ஒரே படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் முதலிய ஒலிகளோடு அனுப்புவதைப் பலரும் அறிவர். கைவிசையில் மொழிக்கெனவுள்ள பொத்தானை நம் வீட்டுச் சிறுவர் பெரியோரினும் விரைவிற் கண்டுபிடிப்பர். ஆனால் கட்டணச் சேவைகளின் சிப்பங்கள் பூட்டப்பட்டு வருவன. திறவுகோல் அச்சேவையாரின் பெட்டியுள் இருத்தலால், வீட்டுக் கணினியின் அட்டை அவற்றை வாங்கியும் பயனில்லை. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய, மாதக் கட்டணம் இல்லாத வான்வழிச் சேவை போன்றவற்றில் பூட்டின்றி வருவனவே அதற்கு எட்டும். ஐரோப்பியர் வீட்டுக் கணினிக்கு இத்துணை ஆர்வம் காட்டியதன் காரணமும் இதனால் விளங்கும். ஆர்ட்டே போன்ற பொது நிலையங்கள் அங்கே செயற்கைக்கோள் வழியே பூட்டின்றி வருகின்றன.

இழப்பின் இரண்டாம் இடம், எம் கருத்தில், முதலிடத்தினும் கொடியது. பதிவுகள் தட்டை நிறைத்துவிடும்போது அவற்றைச் சுருக்கி வைக்க நினைப்பது இயல்பு. எஃப்எஃப்எம்பெக் என்னும் கருவி இதற்குப் பெரிதும் வழங்குவது. வேறொன்றும் சொல்லாமல் ஒரு பதிவை அதனிடம் கொடுத்தால், அது படம் ஒன்றையும் ஒலி ஒன்றையும் மட்டுமே கொள்ளும். பல ஒலிகள் இருப்பின் மிகுந்த வாய்க்கால்கள் உடையதைத் தேரும். யாவும் சமமாயின் முதலில் நிற்பதைத் தேரும். ஏனைய தடங்கள் புதிய பதிவில் இரா. பிழைச்செய்தி ஏதும் தோன்றாது. படம் தெளிவாக ஓடும். பேரன் கேட்கும் பிரெஞ்சு முதல் தடமாயின் அவனுக்கு யாதொரு குறையும் தோன்றாது. பழைய பதிவையும் அழித்துவிட்ட பின்னர், என்றோ ஒருநாள் பாட்டி அப்படத்தைக் கேட்கும்போதுதான் அவள் மொழி அங்கே இல்லையென்பது வெளிப்படும். 86 மெகாபைட்டை மிச்சம் பிடிக்க எவரும் எண்ணி அதனை நீக்கவில்லை. எவரும் கேட்காமையால் நீங்கிற்று. எல்லாத் தடங்களையும் கொள்க என்னும் பொருள்பட ஒரு சிறு குறிப்பைக் கட்டளையிற் கூட்டினால் யாவும் நிலைக்கும். அக்குறிப்பை இயல்பாகவே வைத்து, வேண்டாதார் நீக்கிக்கொள்க என்று விட்டிருக்கலாம் என்பது எம் எண்ணம். கருவியை ஆக்கியோர் ஒரு படம், ஒரு குரல் என்னும் வீட்டையே இயல்பென்று கொண்டனர் போலும்.

இருவரும் ஒரே வேளையில் தத்தம் மொழியிற் கேட்பதற்கு வழி உண்டா? ஒரு திரையின் முன் ஒரு கணினி இருந்தால் ஒரு தடமே ஒலிபெருக்கியில் வரும். டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருளைக் கணினியில் அமர்த்தி, அதனை வீட்டுக்குள் ஒரு சிறு நிலையமாக்கினால், ஒரே நிகழ்ச்சியை இரண்டு கருவிகள் அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். சுவரிலுள்ள திரை பிரெஞ்சைக் கொள்ளட்டும். பாட்டியின் மடியிலுள்ள சிறு கருவி ஜெர்மனைக் கொண்டு, செவியிற் பொருத்தும் கேள்பொறி வழியே ஒலிக்கட்டும். இரண்டு கருவிகளும் சிப்பங்களைச் சேர்த்துவைக்கும் அளவு வேறுபடுதலால் ஒன்று மற்றொன்றுக்கு ஒரு நொடி முன்பின்னாக ஓடுவது உண்டு. பேரன் நகைத்த பின்னரே பாட்டி நகைப்பாள். கோடி மென்பொருளில் ஒலியை மட்டும் முன்னோ பின்னோ தள்ளும் அமைப்பு இருக்கின்றது. படத்தை ஒரு திரையிலேயே கண்டு, ஒலியை மட்டும் சிறு கருவியில் கேட்பதாயின், அவ்வமைப்பைச் சிறிது சிறிதாக நகர்த்தி, திரையில் ஒரு கதவு சாத்தப்படும் கணத்தோடு அதன் ஓசையைப் பொருத்திக்கொள்ளலாம்.